ஊருக்குப் போறப்ப கண்ணையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க: செங்கோட்டை, தென்காசி அனுபவம்

வெளிநாட்டுல இருக்கறவங்க ஊருக்குக் கிளம்பும்போதே பல் டாக்டர், நகைக்கடை, தையல்காரர்னு லிஸ்ட் போட்டுடுவோம், அதுல கண்ணையும் சேத்துக்கோங்க. நான் இருக்கறது டெக்சாஸ், சொந்த ஊர் செங்கோட்டை. இந்தத் தடவை போயிருந்தப்ப சொந்தக்காரங்க வீடுகள்ல பாதிப்பேர் மூக்குல இருக்கறது போன்ல ஆர்டர் போட்டு வாங்கின கண்ணாடிதான். அதுல தப்பே இல்ல, நானும் இங்க அப்படித்தான் வாங்கறேன், விலை அவ்வளவு குறையுது. ஆனா கண்ணுக்கு வெளிய மாட்டறதுக்கும் கண்ணுக்குள்ள போடறதுக்கும் ஒரே மாதிரி தைரியம் ஆகாதுங்கறதுதான் நான் சொல்ல வந்தது.

எங்க சித்தி பொண்ணு காலேஜ் படிக்கா, ரெண்டு கண்ணும் மைனஸ் 5. புதுக் கண்ணாடி போட்டதுல இருந்து தலைவலி, கண்ணை யாரோ இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்குன்னு ஒரே புலம்பல், பவர் ஏறிடுச்சோன்னு சித்திக்குப் பயம். தென்காசில ரொம்ப வருஷமா கடை வச்சிருக்கற ஒரு அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு பவர் செக் பண்ற மெஷின்ல அந்தக் கண்ணாடிய வச்சு, ஒரு லிவரை அமுக்க லென்ஸ் மேல வரிசையா மூணு மைப்புள்ளி விழுந்துச்சு, அடுத்த லென்ஸ்லயும் அதே மாதிரி. ரெண்டு லென்ஸோட நடுப்புள்ளிக்கும் இடையில ஸ்கேல் வச்சாரு, 64 மில்லிமீட்டர். அப்புறம் அவளை எதிர்ல உக்காரவச்சு மூக்கு மேல அந்த ஸ்கேலைப் பிடிச்சு, "பாப்பா என் இந்தக் கண்ணப் பாரு, இப்ப அந்தக் கண்ணப் பாரு"ன்னு சொல்லி அளந்தா 58. "பவர் கரெக்டுதான் தம்பி, சென்டர்தான் தள்ளிக் கெடக்கு"ன்னாரு.

கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவுல இருக்கற அந்த அளவைத்தான் பிடின்னு (PD, பியூப்பிலரி டிஸ்டன்ஸ்) சொல்றாங்க. சீட்டுல பவர் எழுதுவாங்க, பிடியை நெறைய இடத்துல எழுதறதில்ல, அமெரிக்காவுலயும் இதே கதைதான், டெஸ்ட் முடிஞ்சதும் சீட்டைக் கையில கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, பிடி எழுதணும்னு மத்திய சட்டத்துல கிடையாது. ஆர்டர் போடும்போது அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா சராசரி அளவை வச்சு செஞ்சு அனுப்பிடற கடைகளும் இருக்கு. பவர் கம்மியா இருந்தா பெருசா தெரியாது. மைனஸ் 5க்கு ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் தள்ளினா அந்தக் கண்ணுக்கு ஒன்றரை பிரிசம், அதாவது வெளிச்சத்தை ஒரு பக்கமா வளைக்கற அளவு, வந்துடும், ரெண்டு கண்ணுக்கும் சேத்து மூணு, கண்ணு அதைச் சமாளிக்கவே நாள் பூரா உழைக்கணும், தலை வலிக்காம என்ன செய்யும்? அண்ணாச்சி சீட்டோட ஓரத்துல 58னு எழுதிக் கொடுத்தாரு, காசு வேண்டாம்னாரு, நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், ஏன்னா அது அவரோட தொழில். இதுக்குள்ள ஆரியங்காவுல இருந்து வந்த ஒருத்தருக்கு மலையாளமும் தமிழும் கலந்து இதே பாடத்தை நடத்திட்டு இருந்தாரு.

ஃபிரேமுக்கு இன்னொரு விஷயம். உங்களுக்குச் சரியா உக்காந்த பழைய கண்ணாடியோட காதுக்கம்பிக்கு உள்பக்கம் 52 18 140ன்னு பொடி எழுத்துல இருக்கும், லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம். அதை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா ஆன்லைன்ல அளவு தெரிஞ்சு வாங்கலாம். இதெல்லாம் ஒரே பவர் கண்ணாடிக்கு. அத்தை, மாமாவுக்கெல்லாம் போடற ப்ரோக்ரெசிவ்வை, அதாவது தூரத்துக்கும் படிக்கறதுக்கும் ஒரே லென்ஸ்ல பவர் வர்றதை, ஆன்லைன்ல வாங்கித் தராதீங்க, அந்த ஃபிரேமை மாட்டவச்சு கருவிழி எந்த உயரத்துல வருதுன்னு லென்ஸ் மேலேயே மார்க் பண்ணணும், கொஞ்சம் மாறினாலும் படிக்கத் தலையைத் தூக்கிக்கிட்டே இருக்கணும், படில இறங்கும்போது தடுமாறும். பிரானூர் பார்டர்ல மரம் அறுக்கற மில்லுல வேலை பாக்கற சொந்தக்காரப் பையனுக்கு பாலிகார்பனேட் லென்ஸ்தான் வேணும்னு சொல்லி வாங்கவச்சேன், தெறிக்கற சிம்பு சாதா லென்ஸை உடைச்சிடும். கூலிங் கிளாஸ்ல புற ஊதாக் கதிரைத் தடுக்கும்ங்கறதுக்கான யூவி400 பாத்தா போதும், கருப்பு எவ்வளவுங்கறது முக்கியமில்ல. நீல வெளிச்சத்தைத் தடுக்கும்னு கூடுதல் காசு கேட்டா கொடுக்காதீங்க, 2023ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பே அதால கண் சோர்வு குறையறதா தெரியலன்னுதான் சொல்லுது.

இனி கண்ணுக்குள்ள போறது. ஒரு கல்யாண வீட்டுல பொண்ணுக்கு மேக்கப் போட வந்தவங்க பெட்டில கலர் கான்டாக்ட் லென்ஸ் இருந்துச்சு, ஆன்லைன்ல சீட்டு எதுவும் இல்லாம வாங்கினது, வேற கல்யாணத்துக்கும் அதையேதான் போட்டிருக்காங்க, டப்பாவைக் குழாய்த் தண்ணில அலசினதை நானே பாத்தேன். பதறிப்போய் வேண்டவே வேண்டாம்னு நிறுத்தினேன். தண்ணில இருக்கற அகாந்தமீபான்னு ஒரு கிருமி லென்ஸோட சேந்து கருவிழிக்குள்ள போச்சுன்னா மாசக்கணக்குல மருந்து ஊத்தணும், பார்வையே போகலாம். பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் அமெரிக்காவுல டாக்டர் சீட்டு கட்டாயம்.

சொட்டு மருந்து இன்னும் மோசம். 2023 ஆரம்பத்துல அமெரிக்காவுல எஸ்ரிகேர்ங்கற செயற்கைக் கண்ணீர் மருந்தைத் திரும்பப் பெற்றாங்களே, அது சென்னைப் பக்கத்துல தயாரானது, அமேசான்ல எல்லாம் வித்துட்டு இருந்தாங்க. சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா தொற்று 18 மாநிலத்துல 81 பேருக்கு, 14 பேருக்குப் பார்வை போச்சு, 4 பேர் இறந்துபோனாங்க. வெறும் கண்ணு வறட்சிக்கு வாங்கின மருந்து! அதனால பேட்ச் நம்பர், தேதி, தயாரிச்ச கம்பெனியோட லைசன்ஸ் நம்பர், சீல் எல்லாம் பாத்துட்டுத்தான் திறக்கணும், திறந்த பாட்டிலை ஒரு மாசத்துல தூக்கிப் போடணும்.

எங்க அக்கா பக்கத்து மெடிக்கல்ல வாங்கற ஒரு சொட்டு மருந்தை ரொம்ப நாளா ஊத்திட்டு இருந்தா, கண்ணு சிவந்தா உடனே சரியாகுதாம், எனக்கும் பெட்டில வச்சுவிடறேன்னா. லேபிளைப் பாத்தா டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. சிவப்பு போகத்தான் செய்யும், ஆனா விடாம ஊத்தினா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெட்டுப்போகும், வலியே தெரியாது, புரையும் சீக்கிரம் வரும். அவளைக் கையோட திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல கூட்டம், ஆனா ஒவ்வொரு ரூமா வரிசை நகர்ந்துகிட்டே இருக்கு, டெஸ்ட் எடுக்கற பிள்ளைங்க பொறுமையாப் பேசறாங்க. பிரஷர் எல்லையை ஒட்டி இருக்கு, மருந்தை நிறுத்திட்டு மறுபடி வந்து காட்டணும்னு டாக்டர் சொன்னாங்க. பாட்டிலை அங்கேயே குப்பைல போட்டோம், அடுத்த செக்கப்புக்கு மச்சான் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்காரு.