பால்வீதி மையத்தின் விண்மீன்கள்: ஓர் அசைபட மதிப்புரை

லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பால்வீதி மையக் குழு, ஹவாயின் கெக் தொலைநோக்கிகள் வழியே 1995 முதல் திரட்டிய தரவுகளைக் கொண்டு உருவாக்கி, இணையத்தில் இலவசமாக வழங்கும் அசைபடத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். பால்வீதியின் மையத்திலுள்ள பெருநிறைக் கருந்துளையைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

படம் காட்டும் சதுரத்தின் பக்கம், ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வரும் ஒரே ஒரு பங்கு. ஆனால் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அதைக் கடக்க ஒளிக்கே ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு விண்மீனும் ஆண்டுக்கு ஒரு புள்ளியாகத் தடம் பதித்துச் செல்கிறது. எஸ்0-2 என்ற விண்மீனை மட்டும் கவனியுங்கள். நீள்வட்டத்தின் தொலைமுனையில் புள்ளிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. மையத்தை அணுகும்போது ஓர் ஆண்டுப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழுகிறது. சம காலத்தில் சம பரப்பு என்று பள்ளியில் மனப்பாடம் செய்த கெப்ளரின் விதியை நான் கண்ணால் கண்டது இங்கேதான். 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும் இவ்விண்மீன், 2018 மே மாதத்தில், சூரியனுக்கும் புவிக்கும் உள்ள தொலைவைப் போல் ஏறக்குறைய 120 மடங்கு தொலைவில், நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் மையத்தைச் சுற்றித் திரும்பியது. கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத அந்த மையத்தில் சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு நிறை அடங்கியிருப்பதை இத்தகைய பாதைகளே உணர்த்தின. குழுவின் தலைவர் ஆண்ட்ரியா கெஸ் 2020இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இப்பணிக்காகவே.

கருந்துளை தான் இருக்க வேண்டிய குவியத்திலிருந்து, அதாவது நீள்வட்டத்துக்குள் நடுவிலிருந்து தள்ளியமைந்த புள்ளியிலிருந்து, விலகியிருப்பதுபோல் தோன்றினால் குழம்ப வேண்டாம். சாய்த்துப் பிடித்த தட்டைப் பார்ப்பதுபோல, சாய்வான பாதையைத்தான் நாம் காண்கிறோம்.

விண்மீன்கள் ஒன்றையொன்று பாதிக்கும் விதம் இப்படத்தில் தெரியாது. மையத்தின் ஈர்ப்பு ஓங்கி நிற்பதால் சில பத்தாண்டுகளில் அதைக் காண்பது அரிது. இலட்சக்கணக்கான ஆண்டுகளிலோ அவை ஒன்றையொன்று இழுத்துப் பாதைகளையே மாற்றிவிடும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் கருந்துளையை மிக நெருங்கிவிட்டால், அவற்றில் ஒன்றை அது பிடித்துக்கொள்ள, மற்றது வெளியே வீசப்படும். நொடிக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பால்வீதியை விட்டே வெளியேறிக்கொண்டிருப்பதாக 2019இல் அறிவிக்கப்பட்ட எஸ்5-எச்விஎஸ்1 என்ற விண்மீன் இவ்வாறு எறியப்பட்டதே என்று கருதுகிறார்கள். எஸ்0-2 போன்ற இளம் விண்மீன்கள் அங்கே குடியேறியதற்கும் இதையே ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள்.

கைப்பேசியில் புள்ளிகள் கலந்துவிடுவதால் கணினித் திரையே ஏற்றது. 2001க்கும் 2003க்கும் இடைப்பட்ட பகுதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எஸ்0-2இன் முந்தைய திருப்பம் அங்கே இருக்கிறது.