புதுச்சேரியில் எதைப் படம் எடுப்பது: மஞ்சளா, நிழலா, திண்ணையா?

புதிய ஊரில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தால் படங்கள் சேரும், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்காது. ஏதாவது ஒரு கருவைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது. புதுச்சேரியில் அப்படி எடுக்க மூன்று கருக்கள் எனக்குத் தோன்றுகின்றன.

மஞ்சள்தான் மிக எளிது. ஒயிட் டவுனில் துய்மா வீதிக்குள் நுழைந்தாலே வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் சுவர்களும் காகிதப்பூவும் வந்துவிடும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, வெயிலுக்கென்று நிறுத்திவையுங்கள். அதைத் தானியங்கியாக (ஆட்டோ) விட்டால் ஒரே மஞ்சள் படத்துக்குப் படம் வேறாகத் தெரியும். ஆனால் எல்லோரும் எடுப்பது இந்தச் சுவரைத்தான். நியூயார்க்கில் படமெடுத்த சால் லைட்டர், பனி மூடிய தெருவில் ஒரு சிவப்புக் குடையை மட்டும் வைத்து முழுப் படத்தையும் நிறுத்திவிடுவார். அதுபோல மஞ்சளையும் சின்னதாகத் தேடலாம். கூபேர் மார்க்கெட் பூக்கடையில் ஒரு கை சாமந்தி போதும்.

நிழல் இதைவிட அழகு, ஆனால் நேரம் பார்க்கும். ஹாங்காங் தெருக்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃபான் ஹோ எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் ஈர்ப்பு தெரியும். இங்கே சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடற்கரையை நோக்கி ஓடும் குறுக்குத் தெருக்களில் காலை வெயில் நீளமாகப் படுக்கும். போனில் வெளிச்சமான சுவரைத் தொட்டு, பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, ஆள் வரும்வரை நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஐப்பசி மழையில் இந்தக் கருவை நம்பிப் போக வேண்டாம்.

என் ஓட்டு திண்ணைக்கு. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே, தமிழர் பகுதிக்கு நடக்க வேண்டும். வைசியாள் வீதியில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் அதன் உள்ளே திண்ணையும் உள்ள பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாழ்வார நிழல் இருப்பதால் நடுப்பகலிலும் முகங்களில் கடுமையான வெயில் விழாது. முக்கியமாக, இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் சுவருக்கு முன்னால் போகிறவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவருடைய இடம். புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் அம்பாசிடர் காரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியா முழுவதையும் காட்டினார்; கார் ஒன்றுதான், அதைச் சுற்றி வாழ்க்கை மாறிக்கொண்டே இருந்தது. திண்ணைக்கும் அந்த வலு உண்டு.

எடுக்கும் முறையை மாற்றாதீர்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, நேராக, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், ஒரே லென்ஸில் எடுங்கள். அப்போதுதான் வேறுபாடு துலங்கும்: ஒரு வாசலில் கோலம், ஒன்றில் பேப்பர் படிக்கும் தாத்தா, ஒன்றில் காயும் வடகம். ஆள் இருந்தால், "ஒரு படம் எடுத்துக்கவா, ஐயா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். இரும்புக் கிரில் போட்டு அடைத்த திண்ணைகளையும், கடையாக மாறிவிட்டவற்றையும் அழகில்லை என்று ஒதுக்காமல் அதே தூரத்திலிருந்து எடுங்கள்.