அம்மீட்டரா, வோல்ட்மீட்டரா: பழைய டாட்ஜ் சார்ஜருக்கு எது?

1960-களின் டாட்ஜ் சார்ஜர் காரில் கம்பெனியே கொடுத்தது அம்மீட்டர். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியேறுகிறதா என்று முள் உடனே காட்டிவிடும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்னோட்டம் முழுவதும் டாஷ்போர்டுக்குள் நுழைந்து, அந்த மீட்டர் வழியாகத்தான் போகிறது. எலெக்ட்ரிக் ஃபேன், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் கருவி) என்று ஏற்றினால் பழைய கனெக்டர்கள் சூடேறி உருகலாம், தீயும் பிடிக்கலாம்.

மின்னழுத்தத்தை மட்டும் காட்டும் வோல்ட்மீட்டருக்கு ஃபியூஸ் போட்ட மெல்லிய வயர் போதும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் சரி.

நவீன பாகங்கள் ஏறும் காருக்கு வோல்ட்மீட்டர்தான். அழகு கெடும் என்று தயங்குகிறவர்கள் பழைய முகப்பை அப்படியே வைத்து, உள்ளே மட்டும் மாற்றலாம். அப்புறம், அம்மீட்டரின் இரண்டு வயர்களையும் ஒன்றாக இணைத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃபியூசிபிள் லிங்க்குடன் (மின்னோட்டம் அளவு மீறினால் உருகி அறுந்துவிடும் பாதுகாப்பு வயர்) தடித்த கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள்.