போச்சம்பள்ளி மருந்துக்கடையில் விற்ற மாஸ்க்குகள்: ஒரு மதிப்பீடு

எந்த மாஸ்க் நல்லது என்று இன்றும் கடைக்கு வந்து கேட்கிறார்கள். கொரோனாவுக்காக இல்லை. மாமரத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர், கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர், காசநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் அண்ணனைப் பார்க்கப் போகிறவர் என்று ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். நான் டி.பார்ம் முடித்துவிட்டுக் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். 2020 முதல் 2022 வரை எங்கள் கவுண்டருக்கு வராத மாஸ்க் வகை இல்லை. விற்றேன், நாள் முழுக்க நானே மாட்டிக்கொண்டு நின்றேன், வாங்கிப் போனவர்கள் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்றும் பார்த்தேன். டப்பாவின் மேல் போட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டு மாஸ்க்குக்கு மார்க் போட முடியாது என்பது என் கருத்து. அதை மாட்டிக்கொண்டு ஒருத்தர் வாயைத் திறந்து பேச வேண்டும், அப்போதுதான் தெரியும்.

முதலில் நீலக் கலர் மூன்றடுக்கு சர்ஜிகல் மாஸ்க். கொரோனாவுக்கு முன்னால் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். பல் டாக்டர் வாங்குவார், லேப் வைத்திருக்கிறவர் வாங்குவார், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் எல்லாம் தலைகீழானது. அந்த மாதம் 13ஆம் தேதி மத்திய அரசு மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் என்று அறிவித்தது. 21ஆம் தேதி விலைக்கு உச்சவரம்பு வைத்தது: இரண்டடுக்கு 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய். அரசு விலை வைத்தது சரி, சரக்கு வர வேண்டுமே. மொத்த வியாபாரி ஒருவர் பில் இல்லாமல் வாங்கிக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார், அவர் கேட்ட விலையோ உச்சவரம்பைவிட அதிகம். எங்கள் முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையில் மாஸ்க் இல்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். அட்டையைப் படித்துவிட்டும் உள்ளே வந்து "ஒண்ணே ஒண்ணு இருந்தா குடு கண்ணு" என்பார்கள்.

இந்த மாஸ்க்கின் சூட்சுமம் நடு அடுக்கில் இருக்கிறது. மூன்று அடுக்குமே பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் நாரால் ஆனவை. ஆனால் நடுவில் இருக்கும் மெல்ட்புளோன் அடுக்கில் நார் மிக மெலிசு, அதில் மின்னேற்றமும் இருக்கும். துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும். எங்கள் ஊரில் இந்த மாஸ்க்கைத் துவைக்காத வீடு எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கொடியில் பாவாடைக்கும் பனியனுக்கும் நடுவில் நீல மாஸ்க்குகள் கிளிப் போட்டுத் தொங்கும். நானும் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "பத்து ரூபா குடுத்துட்டு ஒரு நாள்ல எறிஞ்சிடறதா?" என்று திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? நாள்கூலி போன சமயம் அது.

சமாளிக்கக் கூடிய குறை இன்னொன்று உண்டு. கன்னத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி விடும். மூக்கின் மேல் இருக்கும் கம்பியை அழுத்திவிடாமல் போட்டால் கண்ணாடி போட்டவர்களுக்கு மூச்சு விடும்போதெல்லாம் ஆவி படியும். பாதிப் பேர் அந்தக் கம்பியை அழுத்தவே இல்லை, கம்பி கீழே வரும்படி தலைகீழாக மாட்டியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் லேசானது, மலிவானது, மூச்சு முட்டாதது. பத்துக்கு ஏழு தருவேன்.

பேசுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். எங்கள் கடைக்கு வந்தவர்களில் மாஸ்க் வேண்டாம் என்று சண்டை போட்டவர் ஒருவரும் இல்லை. 1919இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் வைத்துக் கூட்டம் போட்டார்கள். இங்கே அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கடைப் படி ஏறும்வரை மூக்கில் இருக்கும். என்னிடம் வாயைத் திறந்ததும் மாஸ்க் தாடைக்கு இறங்கிவிடும். சொல்லி முடித்ததும் பழையபடி மேலே ஏறும். எதிரில் யாருமில்லாமல் நடக்கும்போது மூடிக்கொண்டும், ஆள் எதிரில் நின்று எச்சில் தெறிக்கப் பேசும்போது திறந்துகொண்டும் இருந்தால் அந்த மாஸ்க் எதற்கு?

ஆனால் அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கவனித்துப் பார்த்தால், மாஸ்க்கை இறக்கியதில் பாதி மரியாதைக்காகத்தான். வயதில் பெரியவர் எதிரில் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது போல, வி.ஏ.ஓ. வந்தால், வாத்தியார் வந்தால், சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் மாஸ்க்கை இறக்கினார்கள். முகத்தை மூடிக்கொண்டு பெரியவர்களிடம் பேசினால் திமிர் என்று ஆகிவிடும். அரூரிலிருந்து வந்த என் மாமனாரிடம் நானே மாஸ்க்கோடு "வாங்க மாமா" என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. அறிவிப்புகளில் கையைக் கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள் என்று சொன்னார்களே தவிர, பேசும்போது இறக்காதீர்கள், மூடியிருப்பதுதான் எதிரில் நிற்பவருக்கு நீங்கள் தரும் மரியாதை என்று யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் எங்கள் பக்கம் நன்றாக எடுபட்டிருக்கும்.

இன்னொரு காரணம் ரகசியம். மூல வியாதிக்கு மருந்து கேட்கிறவர், மாதவிலக்கு தள்ளிப் போக மாத்திரை கேட்கிற பெண், யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மாஸ்க்கோடு முணுமுணுத்தால் எனக்குக் காது கேட்காது. அவர்கள் இறக்கிவிட்டுக் கவுண்டர் மேல் சாய்ந்து காதருகே வருவார்கள். காது மந்தமான கிழவிகளுக்கு என் உதடு தெரிய வேண்டும், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று எத்தனை தடவை கத்தினாலும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். கடைசியில் மாத்திரை அட்டையிலேயே பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்குத் தனியாக ஒரு மிதப்பும் இருந்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத பகுதியாக, இருந்தது கிருஷ்ணகிரி மட்டும்தான். நம்ம ஊருக்கு வராது என்று சந்தைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் மாஸ்க் என்பது பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட வேண்டிய சாமான். கட்டட வேலைக்குப் போயிருந்த பையன் ஊருக்கு வந்தால் அவன் மாஸ்க்கோடு இருக்கிறானா என்று தெருவே பார்க்கும். பார்க்கிறவர் ஒருத்தரும் போட்டிருக்க மாட்டார். சில நாட்களிலேயே மாவட்டத்துக்குள் தொற்று வந்துவிட்டது. மிதப்பு போனது, அந்தப் பார்வை போகச் சில மாதம் ஆயிற்று.

துணி மாஸ்க்குக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டில் தைத்த மாஸ்க் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. உடனே தையல்காரர்கள் வெட்டிப்போட்ட பிளவுஸ் துணியெல்லாம் மாஸ்க் ஆனது. கல்யாணத்துக்குப் பட்டுக் கரை வைத்து, கட்சிக்காரர்களுக்குக் கொடிக் கலரில், குழந்தைக்கு யானை போட்டு என்று விதவிதமாக வந்தன. ரேஷன் கடையிலும் ஆளுக்கு இரண்டு என்று துணி மாஸ்க் கொடுத்தார்கள். தடுப்பு என்று பார்த்தால் இதுதான் பலவீனமான வகை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்றடுக்குத் துணியாக இருக்க வேண்டும் என்றது. சந்தையில் விற்றதில் பெரும்பாலும் ஒற்றைத் துணி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். ஆனால் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பெண்கள் இதை விரும்பிப் போட்டார்கள். சேலைக்கு மேட்ச் என்று வாங்கியதை யாரும் தாடையில் இறக்கி வைக்கவில்லை. பத்துக்கு நான்கு.

துண்டையும் முந்தானையையும் மாஸ்க் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. போலீஸைக் கண்டால் மட்டும் ஏறும் என்பதால் மார்க் போடாமல் விடுகிறேன்.

அப்புறம் அபராதம். 2020 செப்டம்பரில் மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் என்று தமிழ்நாட்டில் வந்தது, 2022 ஜனவரியில் அது 500 ஆனது. அபராதத்தால் விற்பனை கூடியது, அதை நான் மறுக்க மாட்டேன். "பேங்க்குக்குப் போவணும், ஒண்ணு குடு" என்று சில்லறை வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் பேங்க் வாசலில் நடந்ததை எங்கள் கடையிலிருந்தே பார்க்கலாம். உள்ளே போய் வந்தவர் தன் மாஸ்க்கைக் கழற்றி வெளியே காத்திருக்கும் பங்காளிக்குக் கொடுப்பார். அவர் அதையே மாட்டிக்கொண்டு உள்ளே போவார். செக்யூரிட்டிக்கும் திருப்தி, இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. கிருமிக்கும் ஒரு குறையும் இல்லை.

வங்கதேசத்தில் 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, இமாம்களையும் ஊர்ப் பெரியவர்களையும் சொல்ல வைத்து, தெருவில் மாஸ்க் இல்லாமல் வருகிறவரிடம் நேரில் போய் நினைவுபடுத்தினார்கள். சரியாகப் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்கு அந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை. செல்போனில் மெசேஜ் அனுப்பியதால் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊரில் அபராதச் சீட்டுப் புத்தகத்தோடு நின்றவரைக் கண்டு ஓடியவர்கள், தெரிந்த முகம் ஒன்று "ஏன் பெரியப்பா, மூக்கை மூடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே மூடினார்கள். அதனால் அந்தக் கணக்கை நான் நம்புகிறேன்.

என்95 பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். அமெரிக்கத் தரச் சான்று பெற்ற அசல் என்95 தலையைச் சுற்றிப் போகும் இரண்டு பட்டியோடு வரும். காதில் மாட்டும் வகையில் என்95 என்று அச்சடித்து நம்மூரில் விற்றதெல்லாம் வேறு சரக்கு. சிலது பரவாயில்லை, சிலது வெறும் கெட்டி அட்டை. நம் நாட்டில் ஐ.எஸ். 9473 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு வைத்ததை வாங்காதீர்கள். உள்ளே இழுக்கும் காற்று வடிகட்டி வரும், வெளியே விடுவது வால்வு வழியாக அப்படியே போகும். போட்டவருக்குப் பாதுகாப்பு, எதிரில் நிற்பவருக்கு இல்லை. இதைப் பொதுமக்கள் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசு 2020 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது. ஆனால் அந்த வால்வுதான் எங்கள் பக்கம் கௌரவச் சின்னம். கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் "அந்த மூடி வச்சது" என்றுதான் கேட்டார்கள்.

படித்தவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள், பாமரர்கள்தான் கெடுத்தார்கள் என்று கடையில் சிலர் பேசும்போது எனக்கு மெஸ்னியின் கதை நினைவுக்கு வரும். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த வூ லியன்-டே என்ற டாக்டர், இது காற்றில் பரவுகிறது, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்து முகத்தை மூடுங்கள் என்றார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர், அனுபவசாலி, அதை மதிக்காமல் மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கில் இறந்துபோனார். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது வாங்க வருகிறவர்களுக்கு. மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க நீல மாஸ்க் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பவே பார்ப்பேன். பூச்சிமருந்தின் ஆவியை அது தடுக்காது, என்95ஆலும் முடியாது. அதற்குக் கரி வடிகட்டி மாட்டிய ரப்பர் ரெஸ்பிரேட்டர் வேண்டும், அது மருந்துக்கடையில் கிடைக்காது, பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் கேட்க வேண்டும். கொரோனாவில் பழகியதால் மூக்கில் ஏதாவது இருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, அது ஆபத்து.

கிரானைட் வேலைக்காரர்களுக்கு மட்டும் என்95ஐ நானே எடுத்துக் கொடுப்பேன். கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்ப எடுக்க வழி இல்லை. வேலையின்போது தண்ணீர் ஊற்றித் தூசியை அடக்குவதும் வேண்டும், மாஸ்க் மட்டும் போதாது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, அதையும் சொல்லிவிடுவேன். "காதுல மாட்றது இல்லியா கண்ணு, இது தலையெல்லாம் புடிக்குது" என்று குறைப்பட்டவர்கள்தான் மறுபடி அதையே கேட்டு வருகிறார்கள். அந்தத் தலைப்பட்டி வகையை நாங்கள் அதிகம் இருப்பு வைப்பதில்லை. முந்தின நாள் சொல்லிவிட்டால் கிருஷ்ணகிரியிலிருந்து வரவழைத்துத் தருவோம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் வந்து கேட்காதீர்கள், நின்று மாட்டிக்காட்ட நேரம் இருக்காது.