தோற்கும் அணியைப் பார்க்கத்தான் லீக் பாஸ்: பெங்களூர் கோச்சுகளுக்கு

அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லித் தரும் நம்மவர்களுக்கு என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஆட்டங்களை முழுசாகப் பார்க்க உதவும் ஆப்பான லீக் பாஸின் சந்தா கட்டாயம் பிரயோஜனப்படும். ஒரே நிபந்தனை: சாம்பியன்களை விட்டுவிட்டு, புதிதாகக் கட்டப்படும் ஓர் அணியை சீசன் முழுக்கப் பின்தொடர வேண்டும். ஹைலைட்ஸில் டங்க் தெரியும். கோச்சின் பொறுமை முழு ஆட்டத்தில்தான் தெரியும்.

ஓக்லஹோமா சிட்டி தண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் மார்க் டேக்னால்ட் கோச்சானார். முதல் சீசனில் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்ததில் 24, 58. அந்த இரண்டாவது சீசனில்தான், 2021 டிசம்பர் 2 அன்று, மெம்ஃபிஸிடம் 152–79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே பெரிய தோல்வி. நிர்வாகம் அவரை மாற்றவில்லை. பிறகு 40, 57, 68 என்று வெற்றிகள் ஏறி, 2025-ல் கோப்பை வந்தது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸோ 2023-24-ல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று 14–68-ல் முடித்தது; கோச் மான்டி வில்லியம்ஸ் ஒரே சீசனில் வெளியே. கோச் மட்டும் பொறுமையாக இருந்து பயனில்லை, முதலாளிக்கும் அது வேண்டும்.

ஆப்பில் முதல் வேலை, ஸ்கோரை மறைக்கும் செட்டிங்கைப் போடுவது. யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிட்டால் கோச்சின் முடிவுகளை நேர்மையாக எடைபோட முடியாது. சுருக்கப் பதிப்பு வேண்டாம். அதில் ஆள் மாற்றும் இடங்கள் வெட்டுப்பட்டுவிடும். ரீப்ளேயில் இளம் கார்டு (guard, பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) ஒருவர் பந்தைத் தொலைக்கும் இடத்தில் நிறுத்தி, கடிகாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் அவர் களத்தில் இருக்கிறாரா, உடனே பெஞ்சுக்குப் போகிறாரா? எதிரணி தொடர்ந்து 8 புள்ளி எடுத்து 8–0 என்று ஓடும்போது கோச் டைம்-அவுட் கேட்கிறாரா, பையன்களே சமாளிக்கட்டும் என்று விடுகிறாரா? ஐந்தாறு ஆட்டம் இப்படிக் குறித்தால் அவர் யாரை வளர்க்கிறார் என்பது புரிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே 12 நிமிடக் குவார்ட்டர், 7 டைம்-அவுட், 6 ஃபவுல். நாம் ஆடும் ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் சம்மேளனம்) விதியில் 10 நிமிடம், முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 டைம்-அவுட், 5 ஃபவுல். அவர்களுடைய ரொட்டேஷனை (ஆள் மாற்றும் வரிசையை) அப்படியே கன்டீரவா மைதானத்துக்குக் கொண்டுவந்தால் ஒத்துவராது.

குறைகள்: தமிழ் வர்ணனை கிடையாது. டைம்-அவுட்டில் கோச் பேசுவது பெரும்பாலும் காதில் விழாது. கையசைவையும் போர்டையும் வைத்தே ஊகிக்க வேண்டும். நாளுக்கு 2 ஜிபி மொபைல் பிளானில் ஹெச்டி முழு ஆட்டம் தாங்காது, வீட்டு வைஃபை அவசியம்.

நேரம் நமக்குச் சாதகம். ஓக்லஹோமாவில் இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே காலை 6:30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 5:30. ரிங் ரோடு நெரிசலுக்குக் கிளம்புமுன் பாதியாவது பார்த்துவிடலாம்.

சந்தாவை அக்டோபரிலேயே போடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு பின்தங்கிய அணிகள் டிராஃப்ட் லாட்டரியை (புது வீரர்களை எடுக்கும் வரிசைக்கான குலுக்கல், பின்தங்கிய அணிகளுக்குச் சாதகமானது) மனதில் வைத்து சீனியர்களை உட்காரவைக்கும். அப்போது இறங்கும் ஐவரைக் கோச்சின் சொந்தத் தேர்வாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் நடுவில் லீக் ஆட்டங்கள் முடிந்ததும் அந்த அணிகளுக்கு ஆட்டமே இருக்காது.