களியக்காவிளை பிளாஸ்டிக் ஃபீமர்: கீழ்முனை அருமை, கழுத்து மோசம்

களியக்காவிளையில் மருத்துவ மாணவர்களுக்கான சாமான் விற்கும் கடையொன்றில் முழு அளவு பிளாஸ்டிக் ஃபீமர் (தொடை எலும்பு மாடல்) கிடைக்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரியோ, முதலாண்டில் போன் செட் (படிப்பதற்கான எலும்புத் தொகுப்பு) கிடைக்காமல் அலையும் பிள்ளைகள் இதைக் கீழ்முனைக்காக வாங்கலாம். மேல்முனையை நம்பிப் படிக்கக் கூடாது.

நீளம் 45 செ.மீ.யை ஒட்டி வருகிறது. கீழ்முனையின் இரு குமிழ்களில் வெளிப்பக்கத்தது லேட்டரல் காண்டைல், உட்பக்கத்தது மீடியல் காண்டைல். லேட்டரல் காண்டைலின் முன்விளிம்பு மீடியலைவிட நன்றாக எழும்பி நிற்கிறது. முழங்கால் சில்லு வெளிப்பக்கம் நழுவாமல் தடுப்பது அந்த விளிம்புதான். மட்டமான மாடல்களில் இரண்டும் ஒரே உயரத்தில் மழுங்கியிருக்கும். அதே காண்டைலின் வெளிப்புறத்தில் பாப்ளிட்டியஸ் தசைநாணுக்கான பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. மீடியல் காண்டைலுக்கு மேலுள்ள சிறு மேடான அடக்டர் ட்யூபர்கிளைக் கண்ணை மூடித் தடவியே கண்டுபிடிக்கலாம்.

மேல்முனையில், உருண்டைத் தலையைத் தாங்கும் கழுத்து தண்டோடு சேரும் கோணம் 125 பாகை அளவில் இருக்க வேண்டும். பாகைமானி வைத்தால் அது சரிதான். கழுத்து முன்னோக்கித் திரும்பியிருக்கும் முன்திருப்பம்தான் இல்லை. பின்பக்கம் மேசையில் படும்படி எலும்பை மல்லாக்கப் போடுங்கள். இரு காண்டைல்களும், கழுத்தடியில் வெளிப்பக்கத்துப் பெரிய முடிச்சான கிரேட்டர் ட்ரோகாண்டரும் மேசையில் பட, தலையும் கழுத்தும் சுமார் 15 பாகை மேலெழும்பி நிற்க வேண்டும். இதில் தட்டையாகப் படுத்துக் கிடக்கின்றன. பாதம் உள்நோக்கித் திரும்பி நடக்கும் குழந்தைகளைப் பற்றிப் படிக்கையில் இந்தத் திருப்பம்தான் பாடமே. ஆகவே பிசியோதெரபி மாணவர்கள் துறையிலுள்ள நிஜ எலும்பைக் கையிலெடுத்தே ஆக வேண்டும்.

இரு பாதிகளை ஒட்டிய கோடு தண்டின் உட்புறமாக இறங்குகிறது. புதியவர்கள் அதை எலும்பில் இயல்பாகவே உள்ள ஸ்பைரல் லைன் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையான ஸ்பைரல் லைன் கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் முன்பக்கத்து இன்டர்ட்ரோகாண்டரிக் லைனின் கீழ்முனையில் தொடங்கி, உட்பக்கத்துச் சிறிய முடிச்சான லெஸ்ஸர் ட்ரோகாண்டருக்குக் கீழாகப் பின்னால் சுற்றி, தண்டின் பின்பக்கத்துச் சொரசொரப்பான வரம்பான லீனியா ஆஸ்பெராவின் உள் உதட்டில் சேரும். ஒட்டுக்கோடு நேராக இறங்கிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். லீனியா ஆஸ்பெரா பக்கம் மட்டும் தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

எலும்புக்குள் இரத்தக் குழாய் நுழையும் துளையான நியூட்ரியன்ட் ஃபொராமென் இதில் வெறும் கறுப்புப் புள்ளி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பதுபோல ஊசியை விட்டு, துளை மேல்நோக்கிப் போவதைக் காட்டிப் பழக வழியில்லை.

இடது, வலது ஸ்டிக்கர் மாறி ஒட்டியவையும் அடுக்கில் கிடக்கின்றன. தலை மேலேயும் உள்நோக்கியும், தண்டின் வளைவு முன்னோக்கியும் இருக்கும்படி பிடித்து, எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.