பெயரை வைத்துத் தேடும்போது: சதுர அடைப்பா, மேப்பா?

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆப்ஜெக்ட் என்பது பெயரும் மதிப்புமான ஜோடிகளின் தொகுப்பு; ஒவ்வொரு ஜோடியும் ஒரு ப்ராபர்ட்டி. ப்ராபர்ட்டியின் பெயர் முன்பே தெரிந்தால் புள்ளி வைத்து எடுத்துவிடலாம். அந்தப் பெயரே ஒரு வேரியபிளில் வந்து சேரும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய நிரல்களில் இதற்கு ஈவால் என்ற ஃபங்ஷனை எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் எழுத்தை நிரலாகவே ஓட்டிவிடும் ஆபத்து அது. அதை இங்கே கணக்கில் எடுக்கவே இல்லை.

மிச்சம் இரண்டு: ஆப்ஜெக்ட்டில் சதுர அடைப்பு, அல்லது ஜோடிகளைச் சேர்த்து வைக்கவென்றே உள்ள மேப். பொருட்களை விலைப்படியோ எடைப்படியோ அடுக்க வேண்டுமா? சதுர அடைப்புக்குள் வேரியபிளைப் போட்டால் போதும். பெயர்கள் நாமே எழுதியவை என்பதால் இதைவிட எளிய வழி இல்லை.

பெயர் வெளியிலிருந்து வந்தால் கதை மாறும். ஓர் ஆங்கிலக் கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று வெற்று ஆப்ஜெக்ட்டில் எண்ணிப் பாருங்கள். 'கன்ஸ்ட்ரக்டர்' என்ற சொல் வந்ததும் எண்ணுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனின் எழுத்து வடிவமும், அதன் வாலில் ஒரு 1-உம் வந்து நிற்கும். அந்த ஆப்ஜெக்ட் உண்மையில் வெற்று இல்லை. தன்னிடம் இல்லாத பெயரை அது ப்ரோட்டோடைப்பில், அதாவது சாதாரண ஆப்ஜெக்ட்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பொது ஆப்ஜெக்ட்டில், போய்த் தேடும். அங்கே அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. படிப்பதோடு நின்றால் பரவாயில்லை. வெளியார் தரும் பெயர்களை வைத்து ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட்டாக இறங்கி எழுதப் போனால், ப்ரோட்டோடைப்பையே மாற்றி மற்ற ஆப்ஜெக்ட்களையும் கெடுக்க முடியும். 2019-ல் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பின் 3.4.0 பதிப்பில் அடைத்த ஓட்டை இந்த வகைதான்.

2015-ல் வந்த மேப்பில் நாம் போட்ட கீ (பெயர்) மட்டுமே இருக்கும். வரிசையும் கலையாது. தேர்வு எண் 42, 7, 19 என்று ரேங்க் வரிசையில் ஆப்ஜெக்ட்டில் போட்டால், திரும்ப எடுக்கும்போது 7, 19, 42 என்று வரும். மதிப்பெண் பட்டியலுக்கு இது எவ்வளவு பெரிய தப்பு! மேப் போட்டபடியே தரும்.

அதனால் வெளியிலிருந்து வரும் பெயர் என்றால் நான் மேப்தான் எடுப்பேன். அதற்கும் ஒரு செலவு உண்டு: அப்படியே ஜேசனாக (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) மாற்றினால் வெறும் அடைப்புக்குறிகள்தான் கிடைக்கும், முதலில் ஆப்ஜெக்ட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், பழக்கதோஷத்தில் மேப்பிலும் சதுர அடைப்பு போட்டு எழுதிவிடாதீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் மேப்பின் அளவு 0 என்றே காட்டும்.